அஸாம் மினுக்கிய தட்டுகள்

அந்தப் போட்டை அஸாம் தூரத்திலேயே கண்டுகொண்டார். கல்லடிப் பாலத்துப் பக்கமிருந்து வாவியில் ஒரு பைபர் போட் வந்தது. அது இன்னொரு போட்டைக் கயிற்றில் கட்டி இழுத்துக்கொண்டு வந்தது. இழுபட்டு வந்ததில் எஞ்சின் இல்லை. பக்கங்களில் அடித்த நீலம் வெளிறிப் போயிருந்தது. முன்னால், மீனவர்கள் அணியம் என்று சொல்கிற இடத்தில், ஒருவர் நின்று நங்கூரம் இழுக்கிற அளவுக்கு ஒரு சின்னத் தட்டு. அது மட்டும் காலை வெயிலில் பளிச்சென்று தெரிந்தது.

கையிலிருந்த சாண்ட் பேப்பரைக் கீழே வைத்துவிட்டு அஸாம் எழுந்து நின்றார். என்றைக்காவது ஒருநாள் அது வரும் என்று பதினாறு மாதங்களாக எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்தார்.

காத்தான்குடி ஆற்றங்கரையில் அவருடைய தகரக் கொட்டில் இருக்கிறது. மட்டக்களப்பு வாவியை அந்தப் பக்கத்து ஆட்கள் ஆறு என்றுதான் சொல்வார்கள். அஸாமின் வாப்பா சாரம் நெய்தவர். அஸாமுக்குத் தறிச் சத்தம் பிடிக்கவில்லை. இருபத்தைந்து வயதில் சார்ஜாவுக்குப் போனார். பணக்காரர்களின் உல்லாசப் படகுகள் கட்டுகிற ஒரு யார்டில் பதினெட்டு வருடம் வேலை செய்தார். முதல் இரண்டு வருடமும் தூசு கூட்டினார். பிறகு தேய்க்கக் கொடுத்தார்கள், பிறகு ஜெல்கோட் பூசக் கொடுத்தார்கள். கடைசி ஏழு வருடம் தட்டுகளை முடித்துக் கொடுக்கிற வேலை அவருடையது.

பைபர் போட்டுக்கு ஜெல்கோட் என்பது தோல் மாதிரி. உள்ளே கண்ணாடி நாரும் பசையும் இறுகிக் கிடக்கும். அதற்கு மேலே ஒரு நகக்கனம்கூட இல்லாத அந்தப் பூச்சுத்தான் தண்ணீரை உள்ளே விடாமல் காக்கும். வெயிலிலும் உப்பிலும் வருடக்கணக்காகக் கிடந்தால் அது சுண்ணாம்பு போல வெளிறும், சிலந்திவலை போல வெடிக்கும். அப்போது பழையதை அராவி எடுத்துவிட்டுப் புதிதாகப் பூச வேண்டும். சார்ஜாவில் அஸாமின் மேற்பார்வையாளர் ஒரு மலையாளி. வேலை முடிந்ததும் அவர் தட்டின் ஓரத்தில் கன்னத்தை வைத்துப் பார்ப்பார். கூரையில் எரிகிற டியூப் லைட் தட்டில் எங்கும் வளையாமல் நேர்கோடாகத் தெரிய வேண்டும். அஸாம் முடித்த தட்டுகளில் அது வளைந்ததில்லை.

இரண்டாயிரத்துப் பத்தொன்பதில் ஊருக்கு வந்து கொட்டிலைப் போட்டார். சுனாமிக்குப் பிறகு கொடுக்கப்பட்ட போட்டுகள் அப்போது எல்லாக் கரையிலும் வெடித்துக் கிடந்தன. ஓட்டை அடைப்பதற்குத்தான் ஆட்கள் வந்தார்கள். அஸாம் ஓட்டையை அடைத்துவிட்டு, யாரும் கேட்காமலே தட்டையும் மினுக்கிக் கொடுத்தார். வாவியிலும் கடலிலும் ஓடுகிற போட்டுகளுக்கு அப்படியொரு மினுக்கத்தை அந்தப் பக்கம் யாரும் பார்த்ததில்லை. பேர் பரவியது. பாலமீன்மடு, நாவலடி, வாழைச்சேனை என்று எங்கெங்கிருந்தோ கொண்டுவந்தார்கள். ஒவ்வொன்றையும் முடித்ததும் படம் எடுத்துப் பேஸ்புக்கில் போடுவார். யாராவது அதன் கீழே நன்றாக இருக்கிறது என்று எழுதினால் மனைவி ஸாலிஹாவைக் கூப்பிட்டுக் காட்டுவார்.

பாலமீன்மடு இராசதுரை தன் போட்டைக் கொண்டுவந்தது இரண்டாயிரத்து இருபத்திரண்டில், நாட்டில் மண்ணெண்ணெய் இல்லாமல் எல்லாப் போட்டும் கரையில் கிடந்த நேரம். ஐம்பத்து மூன்று வயது மனிதர். மெலிந்த உடம்பு, நீளமான கைகள், குறைவாகப் பேசுவார். தொழில் இல்லாமல் கிடக்கிற நாட்களில் போட்டையாவது சரிபார்த்து வைப்போம் என்று வந்திருந்தார். மனைவி யசோதினியின் தம்பி உதயரூபனும் கூட வந்தார். கடலுக்கும் இருவரும் சேர்ந்துதான் போவார்கள். உதயரூபன் எஞ்சின் பிடிப்பார், இராசதுரை அணியத்தில் நிற்பார்.

அணியத்துத் தட்டில் பழைய பூச்சோடு மணல் கலந்திருந்தது. கால் வழுக்காமல் இருப்பதற்காகப் போட்ட மணல். அதுவும் தேய்ந்து, பூச்சு வெடித்து, வெடிப்பு வழியாகத் தண்ணீர் கசிந்திருந்தது. அஸாம் எல்லாவற்றையும் அராவி எடுத்து, புதிதாகப் பூசி மினுக்கினார். மூன்று நாள் வேலை. நான்காம் நாள் இராசதுரை வந்து வெறுங்காலைத் தட்டில் வைத்துத் தேய்த்துப் பார்த்தார்.

"முந்தி சொரசொரப்பா இருந்ததே நானா?" முஸ்லிம் அண்ணன்மாரை அந்தப் பக்கம் நானா என்றுதான் கூப்பிடுவார்கள்.

"ஓம் அண்ணன். அதுக்கு இன்னொரு பூச்சுப் பூசி மணல் போடோணும். சாமான் இப்ப கொழும்பிலயும் இல்ல. வந்த உடன போட்டுத் தாறன்."

"அவசரமில்ல. எண்ணெயே இல்லாம எங்க கடலுக்குப் போற?"

குனிந்து பார்த்த இராசதுரை அப்படியே நின்றுவிட்டார். தட்டில் அவருடைய முகம் தெரிந்தது. "என்ட மூஞ்சி தெரியுது" என்று சிரித்தார். "யசோதினிக்குக் காட்டோணும் இத." அவர் குனிந்து சிரித்துக்கொண்டிருந்த அந்த நேரத்தை அஸாம் படம் எடுத்தார். அவர் போட்ட படங்களில் அதைத்தான் நிறையப் பேர் பகிர்ந்தார்கள்.

அடுத்த வருடம் மார்ச் மாதத்தில் ஒரு காலை, மீன் விற்கிற அஸ்பாக் சைக்கிளை நிறுத்திவிட்டுச் சொன்னான். முகத்துவாரத்துக்கு வெளியே இராசதுரை போட்டிலிருந்து விழுந்துவிட்டார். ஆளைக் காணவில்லை, தேடுகிறார்கள். இரண்டாம் நாள் உடல் கரையொதுங்கியது. அஸாம் மோட்டார் சைக்கிளில் பாலமீன்மடுவுக்குப் போனார். வேலியோரம் தலையைக் கவிழ்த்துக்கொண்டு இருந்த உதயரூபன், கேட்டவர்களுக்கெல்லாம் ஒரே பதிலைச் சொன்னார்.

"அலை அடிச்சிட்டு."

அஸாம் சனத்திலிருந்து விலகிக் கரைப்பக்கம் நடந்தார். போட் மணலில் ஏற்றிக் கிடந்தது. இலேசாகத் தூறிக்கொண்டிருந்தது. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு அணியத்துத் தட்டில் ஒரு காலை வைத்தார். மற்றக் காலைத் தூக்கியதும் வைத்த கால் அவரைக் கேட்காமல் போய்விட்டது. விளிம்பைப் பிடித்திருக்காவிட்டால் விழுந்திருப்பார். அங்கே யாரும் இல்லை. இறங்கி, செருப்பைப் போட்டுக்கொண்டு, யாரிடமும் சொல்லாமல் வீட்டுக்கு வந்தார்.

"என்னவாம் நடந்த?" என்று ஸாலிஹா கேட்டார்.

"அலை அடிச்சதாம்."

"அப்ப ஏன் உங்கட முகம் இப்பிடி இரிக்கி?"

அலை என்ற அந்தச் சொல்லை அஸாம் அன்றிலிருந்து பிடித்துக்கொண்டார். கண்ணால் கண்ட உதயரூபனே சொல்லும்போது, கடலில் இல்லாத நான் என்னத்தைச் சொல்ல என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். ஆனால் அதற்குப் பிறகு கொட்டிலுக்கு வந்த எந்தத் தட்டையும் அவர் மினுக்கவில்லை. எல்லாவற்றிலும் மணல் போட்டார். ஏன் என்று கேட்டவர்களிடம் அதுதான் நல்லது என்று மட்டும் சொன்னார். முன்பு மினுக்கிக் கொடுத்த போட்டுகள் கடலில்தான் ஓடிக்கொண்டிருந்தன. ஒருநாளைக்குக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும் என்று நினைப்பார். சொன்னால் ஏன் என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்குப் பயந்து நாட்கள் போயின.

இப்போது போட் கரை சேர்ந்தது. உதயரூபன் முழங்கால் தண்ணீரில் இறங்கி அதைத் தள்ளிக்கொண்டு வந்தார். முப்பத்தாறு வயதுக்காரர், நரைத்திருந்தார். இருவரும் சேர்ந்து போட்டைக் கொட்டிலுக்குள் ஏற்றினார்கள். கட்டைகளின் மேல் நிமிர்த்தி வைத்ததும் அஸாம் தட்டைப் பார்த்தார். நங்கூரக் கயிறு கட்டுகிற இடத்தைச் சுற்றிப் பூச்சு வெடித்திருந்தது. மற்ற இடமெல்லாம் அவர் கொடுத்தபடியே இருந்தது.

"இனி இதுலதான் கடலுக்குப் போகப்போறன் நானா" என்றார் உதயரூபன். "இவ்வளவு நாளும் கூலிக்கு மற்ற ஆக்கள்ற போட்டுல போனன். மாமாங்கத் தீர்த்தம் முடிஞ்ச கையோட இதை இறக்கோணும். இந்த வெடிப்புகள எடுத்திட்டு, முந்தி மாதிரியே மினுக்கித் தாங்க. அத்தானுக்கு அது விருப்பம். அக்காவும் அப்பிடியே இருக்கட்டாம்."

"மினுக்க வேணாம். மணல் போடுவம்."

"இல்ல நானா. அக்கா சொல்லித்தான் விட்ட."

அஸாம் தட்டில் கை வைத்தார். பிறகு சொன்னார். "நான் வந்து அக்காவோட கதைக்கிறன். அதுக்குப் பிறகு வேலையத் தொடங்குறன்."

அன்று மதியம் ளுஹர் தொழுதுவிட்டு வந்து ஸாலிஹாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். பதினாறு மாதத்துக்குப் பிறகு அதைப் பற்றி அவர் வாயிலிருந்து வந்த முதல் வார்த்தைகள் அவை. முடிந்ததும் ஸாலிஹா எழுந்துபோய் அபாயாவைப் போட்டுக்கொண்டு வந்தார்.

"நீங்க தனியப் போனா வாசல்ல நிண்டு கதைச்சிட்டுக் கிறுகி வந்துருவீங்க. நானும் வாறன்."

பாலமீன்மடுவில் யசோதினி கருவாடு போட்டு விற்கிறவர். ஒரே மகளைக் கரடியனாற்றில் கட்டிக் கொடுத்திருந்தார்கள். அவரும் தம்பியும்தான் வீட்டில். முற்றத்தில் ஓலைப்பாயில் பிளந்த மீன் காய்ந்துகொண்டிருந்தது. கச்சான் காற்று மணலை வாரி அடிக்க, அவர் மீனுக்கு மேல் பழைய வலையொன்றைப் போட்டுக் கல் வைத்துக்கொண்டிருந்தார். இவர்களைக் கண்டதும் கையைக் கழுவிக்கொண்டு வந்து இருக்கச் சொன்னார். ஸாலிஹா அவர் பக்கத்திலேயே போய் இருந்தார். உதயரூபன் பிளேன்டீ கொண்டுவந்து வைத்துவிட்டுக் கதவோரம் நின்றார்.

அஸாம் தேத்தண்ணியைத் தொடவில்லை.

"தங்கச்சி, அந்தத் தட்ட நான் திரும்ப மினுக்கமாட்டன். ஏன் எண்டு சொல்லத்தான் வந்தனான். அதில மணல் இருந்தது. நான்தான் அராவி எடுத்தன். எடுத்தா திரும்பப் போடோணும். அண்ணன் கேட்டவர், சாமான் இல்ல எண்டு சொன்னன்."

"அந்த நேரம் ஒண்டும் இல்லைத்தானே நானா" என்றார் யசோதினி.

"எனக்கிட்ட இருந்தது. பூச்சு அரை டின் இருந்தது. மணல் போட அது காணும். அந்த மினுக்கத்தக் கெடுக்க எனக்கு மனம் வரல்ல. படம் எடுத்துப் போடோணும் எண்டு இருந்தன். பிறகு போடலாம் எண்டு நினைச்சன். பிறகு கூப்பிடவும் இல்ல. அண்ணன் வழுக்கி விழுந்திருப்பார் எண்டு நினைக்கிறன். அலை எண்டு சொல்றாங்க. நான் கடல்ல இருக்கல்ல, எனக்குத் தெரியாது. ஆனா செத்த வீட்டண்டைக்கு நான் அந்தத் தட்டுல கால் வச்சுப் பாத்தன். நிக்க ஏலாது."

யசோதினி அவரைப் பார்க்கவில்லை. கதவோரம் நின்ற தம்பியைப் பார்த்தார்.

உதயரூபன் கதவில் சாய்ந்தபடியே சரிந்து நிலத்தில் இருந்தார்.

"அலை இல்ல அக்கா."

வெளியே வலையின் ஓரம் காற்றில் படபடத்தது.

"இரவு தூறின, தட்டு ஈரம். அத்தான் எப்பவும் சாக்கு விரிச்சிட்டுத்தான் நிப்பார். அண்டைக்கு அந்தச் சாக்கு இத்துப் போச்செண்டு எறிஞ்சிட்டம், புதுசு எடுக்கல்ல. அவர் நங்கூரத்த இழுத்திட்டு இருந்தார். கிளம்பிட்டு எண்டு நினைச்சு நான் எஞ்சின முடுக்கினன். கிளம்பல்ல. கயிறு அவர இழுத்தது. கால் ரெண்டும் ஒரேயடியா வழுக்கின. தலை விளிம்புல அடிபட்டது. நான் குதிச்சன் அக்கா. ரெண்டு தரம் கையில பட்டவர். பிறகு படல்ல." அவர் முகத்தை இரண்டு கைகளாலும் துடைத்தார். "அலை எண்டு சொன்னா ஒருத்தரும் வேற ஒண்டும் கேக்கமாட்டாங்க எண்டு நினைச்சன்."

"வழுக்கினவரா?" என்று யசோதினி கேட்டார்.

"ஓம்."

"அவராப் போகல்லையா?"

உதயரூபனுக்கு விளங்கவில்லை. அஸாமுக்கும் முதலில் விளங்கவில்லை. ஸாலிஹாதான் சட்டென்று யசோதினியின் கையைப் பிடித்தார்.

"அண்டைக்குக் கடல் குளம் மாதிரிக் கிடந்ததெண்டு எல்லாரும் சொன்னாங்க" என்றார் யசோதினி. சத்தமில்லாத குரல். "முப்பது வருசம் தொழில் செய்த மனுசன். அலையே இல்லாத கடல்ல அலை அடிச்சு எப்பிடி விழுவார்? அந்த ஆறு ஏழு மாசமும் எண்ணெய் இல்ல, தொழில் இல்ல, அவர் ஒருத்தரோடயும் கதைக்கல்ல. சோத்தப் போட்டு வச்சா அப்பிடியே கிடக்கும். கடலுக்குப் போகத் தொடங்கின பிறகும் அப்பிடித்தான் இருந்தவர். நான் என்ன நினைக்கிற? அவராத்தான் போயிட்டார், தம்பி அத மறைக்கிறான் எண்டு நினைச்சன். என்னை விட்டுட்டுப் போகத் தோணிச்சே எண்டு நினைச்சன். கும்பிடப் போனாலும் அதுதான், மீன் பிளந்தாலும் அதுதான். மகளுக்கிட்டயும் சொல்லல்ல."

அவர் அழுதார். உரத்த அழுகையில்லை. ஸாலிஹாவின் தோளில் நெற்றியை வைத்துக்கொண்டு நெடுநேரம் அழுதார். உதயரூபன் எழுந்து முற்றத்துக்குப் போய், கல் விலகாத வலையைத் திரும்பத் திரும்பச் சரிசெய்துகொண்டு நின்றார்.

அழுகை ஓய்ந்தபிறகு யசோதினி முகத்தைச் சீலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு அஸாமைப் பார்த்தார்.

"உங்கள ஒண்டும் சொல்லமாட்டன் எண்டு சொல்ல எனக்கு வருகுதில்ல நானா. அரை டின் இருந்ததெண்டு சொல்றீங்க."

"ஓம். மன்னிக்கக் கேட்டு நான் வரல்ல."

"உண்மையச் சொல்ல வந்தீங்க. அது எனக்குக் காணும். இது மாதிரி இன்னும் எத்தின போட்டுக்குச் செய்தீங்க?"

"பதினொண்டு."

"அதில ஆக்கள் நிக்கிறாங்கதானே?"



மறுநாள் விடிகாலை சுபஹ் தொழுதுவிட்டு வந்து வேலையைத் தொடங்கினார். பூச்சு வேலைகள் கச்சான் எழும்புவதற்குள் காலையிலேயே முடிய வேண்டும். காற்றெழும்பினால் பூச்சில் தூசு ஒட்டும். முதலில் கிரைண்டரைப் பிடித்தார். மலையாளியின் கன்னத்துக்கும் டியூப் லைட்டுக்கும் பயப்படாத அந்த மினுக்கம் வெள்ளைத் தூளாகப் பறந்தது. முகமூடிக்குள் வியர்வை வழிந்தது. தலையிலும் இமையிலும் தூள் படிந்தது. வெடிப்புகளை ஒவ்வொன்றாகக் கூர்முனையால் பிளந்து திறந்தார். நங்கூரக் கட்டைக்குக் கீழே நார் ஈரமாகியிருந்தது. அதை வெட்டி எடுத்து, இரண்டு நாள் வெயிலில் காயவிட்டு, புது நாரும் பசையும் வைத்து நிரப்பினார். உதயரூபன் பக்கத்தில் நின்று உதவினார். அவர்கள் அதிகம் பேசிக்கொள்ளவில்லை. அன்றைக்கு வீட்டில் சொன்னதே இருவருக்கும் போதுமாக இருந்தது.

ஐந்தாம் நாள் தட்டை அசிட்டோனால் துடைத்து முதல் பூச்சுப் பூசினார். பூச்சோடு கலக்கிற ஹார்ட்னரை வழமையாகக் கண்ணளவில் ஊற்றுகிறவர், அன்று அளவுக் குவளையைக் கண்ணுக்கு நேரே பிடித்துப் பார்த்து ஊற்றினார். கூடினால் பூச்சு வேகமாக இறுகி வெடிக்கும், குறைந்தால் இறுகாது. பூச்சு ஈரமாக இருக்கும்போதே, நல்ல தண்ணீரில் கழுவிக் காயவைத்துச் சலித்த வெள்ளை மணலை உள்ளங்கையால் தூவினார். தட்டின் ஒரு மூலையும் விடாமல் தூவினார். இறுகியபின் ஒட்டாத மணலைக் கூட்டி எடுத்துவிட்டு, மெழுகு கலந்த கடைசிப் பூச்சை மேலே கொடுத்தார். வேலை முடிந்ததும் தட்டு பச்சரிசி மாவு தெளித்த மாதிரி மங்கலாக இருந்தது. அதில் எதுவும் தெரியவில்லை.

இரண்டு நாள் கழித்து யசோதினி வந்தார். பஸ்ஸில் வந்து இறங்கி, கையில் ஒரு மூடிய வாளியோடு நடந்து வந்தார். அதில் மீன் கழுவிய தண்ணீரும் குடலும் இருந்தன.

"ஏறிப் பாக்கலாமா?"

உதயரூபன் கை கொடுக்கப் போனார். அவர் வேண்டாமென்று தலையசைத்துவிட்டு, சீலையை இழுத்துச் செருகிக்கொண்டு தானாகவே ஏறினார். வாளியைத் தட்டில் கவிழ்த்தார். வழுவழுவென்று மீன்தண்ணீர் எங்கும் பரவியது. வெறுங்காலோடு அதில் நின்றார். நங்கூரக் கட்டைக்குப் பக்கத்தில் போய், கயிறு இழுக்கிறவர் நிற்கிற மாதிரி கால்களை அகட்டி வைத்து நின்றார். இடது காலைத் தூக்கி வலது காலில் நின்றார். பிறகு மாற்றி நின்றார். ஒருமுறை வேண்டுமென்றே காலை முன்னுக்குத் தள்ளிப் பார்த்தார். கால் போகவில்லை.

"பிடிக்குது" என்றார்.

உடனே இறங்கவில்லை. அந்தத் தண்ணீருக்குள்ளேயே குந்தி இருந்து தட்டை உள்ளங்கையால் தடவிக்கொண்டு இருந்தார். அஸாம் கொட்டிலுக்கு வெளியே போய் வாவியைப் பார்த்து நின்றுகொண்டார். திரும்பி வந்தபோது யசோதினி கீழே இறங்கி, வாளியில் நல்ல தண்ணீர் மொண்டு தட்டைக் கழுவிக்கொண்டிருந்தார்.

"இறக்கலாம் தம்பி" என்று மட்டும் உதயரூபனிடம் சொன்னார்.

மாமாங்கக் கோயிலில் ஆடி அமாவாசைத் தீர்த்தம் முடிந்த நாலாம் நாள் உதயரூபன் போட்டைக் கடலுக்கு எடுத்தார். அந்தச் செய்தியும் அஸ்பாக் சொல்லித்தான் அஸாமுக்குத் தெரிந்தது. அன்றே அஸாம் பேஸ்புக்கிலிருந்து தட்டுப் படங்களை எல்லாம் எடுத்தார். இராசதுரை குனிந்து சிரிக்கிற படத்தை மட்டும் தனியே பிரின்ட் எடுத்து ஸாலிஹாவிடம் கொடுத்தார். ஸாலிஹா அதைப் பாலமீன்மடுவுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு வந்தார்.

பிறகு பதினொரு போட்டுகளையும் தேடிப் புறப்பட்டார். மோட்டார் சைக்கிளில் கிரைண்டரையும் ஒரு சின்ன ஜெனரேட்டரையும் டின்களையும் கட்டிக்கொண்டு கரைகரையாகப் போனார். போகிற இடத்தில் முதலிலேயே சொல்லிவிடுவார். இந்தத் தட்டில் நான் செய்தது பிழை, இதே மாதிரித் தட்டில் ஒருவர் வழுக்கி விழுந்து செத்தார். சுற்றி வளைக்கமாட்டார், அலை என்று சொல்லமாட்டார். நாவலடியில் ஒருவர் கேட்டுவிட்டுப் போட்டை நிழலுக்கு இழுத்துக் கொடுத்தார். வாழைச்சேனையில் றிஸான் என்பவர் விடவேயில்லை. இந்த அழகுக்காகத்தானே உங்களிடம் கொண்டுவந்தேன், இப்போது நீங்களே வந்து சுரண்டப் பார்க்கிறீர்கள் என்று சண்டை பிடித்தார். அஸாம் மூன்று தரம் அந்தக் கரைக்குப் போனார். மூன்றாம் தரம் றிஸானின் உம்மா வெளியே வந்து, மகனைக் கூப்பிட்டு இரண்டு வார்த்தை சொன்னபிறகுதான் வேலை நடந்தது. அஸாம் சொன்ன கதை ஊரில் பரவியதால் கொட்டிலுக்கு வருகிற போட்டுகள் குறைந்தன. செத்த வீட்டுக்குக் காரணமானவனிடம் ஏன் போகவேண்டும் என்று ஒருசிலர் சொன்னது அவர் காதுக்கும் வந்தது. அதற்கு அவர் மறுப்புச் சொல்லவில்லை.

ஐப்பசி மாரி தொடங்குவதற்கு முன் ஒன்பது முடிந்துவிட்டது. ஒன்று கைமாறிக் கைமாறி எங்கே போனது என்று யாருக்கும் தெரியவில்லை. மற்றதை வாகரைக்கு விற்றிருந்தார்கள். வாகரைக்குப் போய் இரண்டு நாள் தங்கி அந்தத் தட்டைச் செய்தார். வாங்கியவர் நிலோஜன் என்கிற முப்பது வயதுக்காரர். அஸாம் சொன்னதை ஒரு வார்த்தையும் இடைமறிக்காமல் கேட்டார். வேலை முடிந்து, பூச்சு இறுகி, சாமான்களைக் கட்டும்போது வந்து கேட்டார்.

"நானா, இத்தின தட்டு செய்த நீங்க. ஒண்டிலயாவது கடல்ல நிண்டிருக்கீங்களா?"

அஸாம் யோசித்துப் பார்த்தார். சார்ஜாவில் நூற்றுக்கணக்கில் செய்தார். அந்தப் படகுகள் யார்டை விட்டுப் போகும்போது வேலைக்காரர்களை ஏற்றமாட்டார்கள். இங்கேயும் வாவியில் இருந்து பார்த்ததுதான். அவர் கடலுக்குப் போனதேயில்லை.

"இல்ல."

"அப்ப வாங்க."

காலை ஏழு மணியிருக்கும். கரையிலிருந்து கொஞ்ச தூரம் போய் நிலோஜன் நங்கூரத்தைப் போட்டார். அஸாம் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, குனிந்தபடியே நகர்ந்து அணியத்துக்குப் போனார். எழுந்து நிற்கவே அவருக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அலையென்று சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் தட்டு ஒரு நொடிகூடச் சும்மா இருக்கவில்லை. மெல்ல மேலே வந்தது, சரிந்தது, மறுபடி வந்தது. கொட்டிலில் கட்டைகளின் மேல் அசையாமல் கிடந்த தட்டுகளை மட்டும் பார்த்த மனிதருக்கு அது புதிது.

"இழுங்க நானா" என்றார் நிலோஜன் பின்னாலிருந்து. "நான் எஞ்சினத் தொடமாட்டன்."

அஸாம் கயிற்றைப் பிடித்து இழுத்தார். நங்கூரம் கீழே எதிலோ சிக்கியிருந்தது. அவர் இழுக்க, கயிறு அவரை இழுத்தது. உடம்பு முழுவதும் முன்னுக்குப் போக, முழு எடையும் கால்விரல்களில் வந்து இறங்கியது. அந்த இடத்தில், அந்த நொடியில், இராசதுரைக்குக் காலுக்குக் கீழே என்ன இருந்தது என்று அவருக்கு உடம்பாலேயே விளங்கியது. கயிற்றை விடாமல் அப்படியே நின்றார். உள்ளங்கால் மணலில் பதிந்து நின்றது. நங்கூரம் விடுபட்டு மேலே வந்தபோது அவருக்கு மூச்சு வாங்கியது. கன்னங்கள் நனைந்திருந்தன. நிலோஜன் அதைக் கண்டும் காணாதமாதிரி எஞ்சினைக் கிளப்பினார்.

கரைக்கு வந்து அஸாம் சாமான்களைக் கட்டினார். காத்தான்குடிக்குப் புறப்படுவதற்கு முன் ஸாலிஹாவுக்குப் போன் எடுத்தார்.

"முடிஞ்சிதா?" என்று கேட்டார் ஸாலிஹா.

"வாகரை முடிஞ்சிது. மற்றது எங்க எண்டு இன்னும் தெரியல்ல. திருகோணமலைப் பக்கம் ஒருத்தர் வாங்கினதாக் கதை. வாற கிழமை போய்ப் பாக்கோணும்."

"சரி" என்றார் அவர். "கவனமா வாங்க. இஞ்ச மழை தொடங்கிட்டு."